மேடைக்கு வந்த பீலித் தண்ணீர்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் அந்த வருடம் எங்கள் பல்கலைக்கழகத்தில் ‘மக்களோடு ஆராய்ச்சி’ என்று ஒரு நாள் நிகழ்ச்சி வைத்தார்களே, அதற்கு முந்திய வாரங்களில் கோபப்படக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. நான் அங்கே தற்காலிக ஆய்வு உதவியாளர். தற்காலிகம் என்றால் கதிரை எண்ண வேண்டும், பதாகையில் மூன்று மொழியும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சோற்றுப் பார்சலுக்குச் சொல்ல வேண்டும், பெரியவர்களின் கார் எங்கே நிற்பது என்று வாசல் காவலாளியோடு மல்லுக்கட்ட வேண்டும். மிச்சம் நேரம் இருந்தால் ஆய்வு.

நிகழ்ச்சியின் யோசனை நல்ல யோசனைதான். கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கிராமங்களிலும் எங்கள் ஆட்கள் செய்த ஆய்வுகளை, அந்தந்த ஊர்க்காரர்களையே கூப்பிட்டு உட்கார வைத்து, அவர்கள் முன்னால் சொல்வது. இவ்வளவு காலமும் ஊருக்குள் போய்க் கேள்வி கேட்டுவிட்டு, பதிலை அலுமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டுதானே இருந்தோம்? அதனால் எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம். அதிலும் மேடைக்குத் தெரிவானது எங்கள் தண்ணீர் ஆய்வு.

மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே கீழ் லயத்துக்கு, அதாவது கீழே இருக்கிற தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, ஒரு பீலி. மலை ஊற்றுத் தண்ணீரை ஒரு சீமெந்துத் தாங்கியில் சேர்த்து, ஒரு குழாய்த் துண்டு வழியாகக் கொட்டவிட்டிருப்பார்கள், அதற்குப் பெயர்தான் பீலி. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அந்த ஒரே தண்ணீர். நான் பிறந்ததும் அந்த லயத்தில்தான். அப்பாவும் அம்மாவும் வேலையை விட்டபிறகு குண்டசாலையில் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நான் கெலிஓயாவில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அக்கா மட்டும் அங்கேயே கல்யாணம் முடித்து, கொழுந்து பறித்துக்கொண்டு, அதே லயத்தில் இருந்தாள்.

அக்காவின் சின்ன மகளுக்கு அடிக்கடி வயிற்றோட்டம். கடைசித் தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது பிள்ளையின் கழுத்து நிற்கவில்லை. சேலைன் ஏற்றித்தான் கண் விழித்தாள். லயத்தில் மற்றப் பிள்ளைகளுக்கும் இதே கதை. தாங்கிக்கு மேலே இன்னொரு லயம், அந்த லயத்துக் கழிவுநீர் ஓடுகிற கான் தாங்கிக்குப் பக்கத்தால் போகிறது. தண்ணீரில்தான் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். காட்டோரத்தில் இன்னொரு நல்ல ஊற்று இருந்தது. அங்கிருந்து ஒரு குழாய் போட்டுக் கொடுங்கள் என்று தோட்டத்தை நடத்துகிற துரையிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள். துரை ஒரே பதில்தான் சொன்னார். யுனிவர்சிட்டி வந்து தண்ணீரைப் பார்க்கிறதாம், கெட்ட தண்ணீர் என்று அவர்கள் சொல்லட்டும், அதை வைத்து நான் மேலே கேட்கிறேன் என்றார். ஆக, குழாய் வருவதும் வராததும் எங்கள் போத்தல்களில் இருந்தது.

மூன்று தடவை போய் மாதிரி எடுத்தோம். மூன்று தடவையும் தண்ணீர் சுத்தம் என்று வந்தது. கிருமியே இல்லை. ஆய்வை நடத்திய பேராசிரியர் யாழ்ப்பாணத்துப் பெண். கணக்கில் கறார். திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, “நல்ல செய்திதானே பிள்ளை, நாங்கள் ஏன் கவலைப்படுவான்?” என்று சிரித்தார். நான் அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

“அப்ப எம்புள்ளைக்கு என்னா, நடிப்பா?” என்று கேட்டுவிட்டு அக்கா போனை வைத்துவிட்டாள்.

ஏற்பாட்டுக் குழுவில் ஒருவருக்கு ஒரு யோசனை உதித்தது. பீலித் தண்ணீரை ஒரு குடத்தில் மேடைக்குக் கொண்டுவருவது. உபவேந்தர், தோட்டத்துத் துரை, பேராசிரியர் மூவரும் ஆளுக்கொரு கிளாஸ் குடிப்பது. போட்டோ பிடிப்பது. எல்லோரும் ஆகா என்றார்கள். லயத்தின் சார்பில் தண்ணீர் ஊற்றிக் கொடுக்க யாரை அழைக்கலாம் என்று கேட்டபோது என் அக்காவின் பெயரைச் சொன்னேன். மேடை ஏறினாலாவது அவள் கோபம் கொஞ்சம் தணியும் என்று ஒரு நப்பாசை.

நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னால் யார் யார் பஸ்ஸில் வருகிறார்கள் என்று பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். வத்தேகமை தாண்டியதுமே மழை. பஸ்ஸில் இருந்து இறங்கி லயத்துக்கு நடந்தபோது கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். பீலியடியில் அக்கா துணி கசக்கிக்கொண்டிருந்தாள். லயத்தில் பக்கத்துக் காம்பராவில், அதாவது பக்கத்து வீட்டில், இருக்கும் பெண்ணை நாங்கள் மதினி என்று கூப்பிடுவோம். வாய் மூடாத மனுஷி. என்னைக் கண்டதும் ஓடி வந்தாள்.

“ஏ புள்ள, பெரிய பெரிய ஆளெல்லாம் நம்ம தண்ணியக் குடிக்கப் போறாங்களாமே, நெசமா?”

“நெசந்தான் மதினி.”

“அப்ப இன்னைக்கே தலைவருகிட்டச் சொல்லணும். வீட்ல இருக்குற பவுடரு பத்தாது.”

“என்னா பவுடரு?”

மதினி என்னைப் பார்த்துச் சிரித்தாள். படித்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற சிரிப்பு.

“பிளீச்சிங் பவுடருதான். நீங்க போத்தல் எடுத்துக்கிட்டு வர்றீங்கன்னு தலைவரு சொல்லுவாருல்ல, ஒடனே தாங்கிய எறச்சு ஊத்திருவோம். பாசியெல்லாம் தேச்சு எடுத்து, பவுடரு போட்டு, ராத்திரி பூரா தொறந்து விட்டுருவோம். இல்லாட்டி வாசம் வரும், வந்தவங்க மூஞ்சியச் சுளிப்பாங்க. மேல் லயத்து ஆளுகளையும் ரெண்டு நாளைக்குக் கான்ல ஒரு சொட்டுத் தண்ணி விடக்கூடாதுன்னு சொல்லிருவோம். சும்மா சொல்லக் கூடாது, அவங்களும் கேப்பாங்க. வெளியாளுக வந்து நம்மளக் கேவலமா நெனச்சுட்டா?”

 மூன்று தடவையுமா என்று கேட்டேன். 

“பின்ன? ஒருவாட்டி சுத்தமாக் காட்டிட்டு இன்னொருவாட்டி அசிங்கமாக் காட்டுறதா?”

அட பாவிகளா! என்று கத்த வேண்டும்போல் இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? வாசலைக் கூட்டித் தெளித்து, வெற்றிலைத் தட்டோடு எங்களுக்காகக் காத்திருந்த ஜனம். வெள்ளைப் போத்தலோடு நாங்கள் குனிந்தபோது பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்ற ஜனம். ஆய்வுக்கு வருகிறோம் என்று நாங்கள் சொன்னது அவர்கள் காதில் விருந்துக்கு வருகிறோம் என்றுதான் விழுந்திருக்கிறது.

“என்னாடி மூஞ்சி இப்புடிப் போச்சு?” என்றாள் அக்கா.

நான் அவளிடம் சொன்னேன். நீங்கள் கழுவிய தண்ணீரைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டு போயிருக்கிறோம். அது சுத்தம் என்று எழுதிவிட்டோம். துரை இனிக் குழாய் தரமாட்டார். சொல்லச் சொல்ல அக்காவின் கை நின்றது. அவளும்தானே தும்புத்தடியோடு தாங்கிக்குள் இறங்கித் தேய்த்தவள்! கசக்கிய துணியை அப்படியே போட்டுவிட்டு, துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள்.

“நானே எம்புள்ள வாயில மண்ணப் போட்டுட்டேனா?” என்றாள். அவள் அழவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

மதினி மூலம் விஷயம் தோட்டத் தலைவரிடம் போய், அவர் குடையோடு வந்து சேர்ந்தார். தொழிற்சங்கத்தில் லயத்துக்காகப் பேசுகிற மனுஷன். நல்லவர். ஆனால் துரை பெயரைச் சொன்னாலே குரல் இறங்கிவிடும்.

“பாப்பா, இத அங்க போய்ச் சொல்லிறாதம்மா. தொர என்னா சொல்லுவாரு? தண்ணியில மருந்தக் கலந்து யுனிவர்சிட்டியவே ஏமாத்திட்டானுகன்னு சொல்லுவாரு. அதுக்கப்பறம் இந்த லயத்துக்கு ஒரு ஆணி கெடைக்காது.”

“சொல்லாட்டியும் கெடைக்காதே தலைவரே!”

“சொல்லாட்டி மானமாவது மிஞ்சும்” என்றார்.

 அவர் சொன்னதில் பாதி உண்மை. திரும்பும்போது அக்காவிடம் மெதுவாக, மேடைக்குத் தண்ணீர் எடுக்கும்போது தாங்கியைக் கழுவாதே என்றேன். அவள் கீழே கிடந்த துணியை எடுத்து மறுபடியும் கசக்கத் தொடங்கினாள்.

மறுநாள் காலை பேராசிரியரின் அறைக்குப் போனேன். முகத்தைப் பார்த்ததும், “கதவைச் சாத்திப்போட்டு இரும்” என்றார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“குளோரீன் ஒண்டும் காட்டேல்லையே?”

“ராத்திரி முழுக்கத் திறந்து விட்டிருக்கிறாங்க மேடம். வாசம் வந்தா நமக்குப் பிடிக்காதாம்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு நிமிடம் சிரித்தார். பிறகு அப்படியே முகம் கல்லாகிவிட்டது.

“ஒரு கிழமைக்கு முதலே சனத்துக்கு நாள் சொல்லிப்போட்டுத்தான் போகோணும் எண்டு விதி எழுதினது ஆர் தெரியுமோ? நான்தான். திடுதிப்பெண்டு போய் நிண்டா அது மரியாதை இல்லை எண்டு சண்டை பிடிச்சு எழுதினனான்.”

“நாளைக்கு என்ன மேடம் செய்யப் போறீங்க?”

“தெரியேல்லை.”

“சொல்லிடலாம் மேடம்.”

“உமக்கென்ன, சொல்லிப்போட்டுப் போவீர். உபவேந்தர் வாறார், பத்திரிகைக்காரர் வருகினம், அடுத்த ஆய்வுக்குக் காசு தரப்போற ஆக்கள் வருகினம். அந்த மேடையில ஏறி, என்ர ஆய்வு பிழை எண்டு நானே சொல்லோணுமோ?”

“ஆமா மேடம். சொல்லாட்டி குழாய் வராது. எங்க அக்கா மக மறுபடியும் ஆஸ்பத்திரிக்குத்தான் போவா. அடுத்த தடவை கண்ணு முழிப்பாளான்னு யாருக்குத் தெரியும்?”

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. பக்கத்து அறையில் தட்டச்சு நின்றது.

“வெளியில போம்” என்றார் பேராசிரியர். குரலை உயர்த்தவில்லை.  கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வந்தேன். என் வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அதைப் பற்றி யோசிக்கவும் தெம்பில்லை. அன்று முழுக்கக் கதிரைகளை அடுக்கினேன். அக்காவுக்கு எடுத்த போன் ஒன்றும் போகவில்லை, லயத்தில் மழை என்றால் சிக்னல் கிடைக்காது. அவள் தாங்கியைக் கழுவுகிறாளா இல்லையா, பேராசிரியர் வாயைத் திறப்பாரா மாட்டாரா, ஒன்றும் தெரியாமல் மேசைக்கு மேசை வெள்ளைத் துணி விரித்துக்கொண்டிருந்தேன்.

நிகழ்ச்சி நாள். கேட்போர் கூடம் நிரம்பி வழிந்தது. உபவேந்தர் வந்துவிட்டார், துரை வந்துவிட்டார், தோட்டத்து பஸ்ஸைக் காணோம். எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. வராமலே இருந்தால் குடமும் இல்லை, கிளாஸும் இல்லை. அந்த நிம்மதி வந்ததற்காக என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. விளக்கேற்றி முடியும் நேரத்தில் பஸ் வந்து நின்றது. நல்ல சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு, லயத்துப் பெண்கள் இறங்கினார்கள். கடைசியில் அக்கா. இடுப்பில் சின்னவள். கையில் வெள்ளைத் துணியால் வாய் கட்டிய குடம்.

நான் ஓடிப் போய்க் குடத்தில் கை வைத்தேன்.

“அக்கா, கழுவுனியா?”

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பதில் வருவதற்குள் பின்னால் தலைவர் வந்துவிட்டார். குழுக்காரர் ஒருவர் என் தோளைத் தட்டி, மைக்குக்கு வா, நேரமாகிறது என்றார். தமிழ் அறிவிப்பு என் பொறுப்பு. நான் அக்காவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மேடைக்குப் போனேன்.

முதலில் துரை பேசினார். சிங்களத்தில் ஆரம்பித்து, தன் ஆட்கள் விளங்கிக்கொள்ளட்டும் என்று தமிழுக்கு வந்தார். தோட்டத்துத் துரைமார் பேசுகிற தமிழ் அது, லயத்துத் தமிழேதான்.

“நம்ம தண்ணி நல்ல தண்ணின்னு யுனிவர்சிட்டியே சொல்லிருச்சு. சந்தோசம். இனி குழாய் அது இதுன்னு யாரும் கேக்க வேண்டியதில்ல. அந்தக் காசுல பங்களா ரோட்டப் போட்டுறலாம். எல்லாருக்கும் நல்லதுதானே?”

கூடம் கை தட்டியது. எங்கள் லயத்து ஆட்களும் தட்டினார்கள்! துரை பேசினால் கை தட்டிப் பழகிய கை.  வாய் வரைக்கும் வந்த வார்த்தையை எப்படி விழுங்கினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

அடுத்து பேராசிரியர். திரையில் படங்கள் ஓடின. பீலி, தாங்கி, லயம், போத்தலோடு நாங்கள். முடிவுகள் என்று எழுதிய படம் வந்ததும் அவர் நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். கூடத்தைப் பார்த்தார். “இதைப் பற்றி நான் கொஞ்சம் பிறகு கதைக்கிறன்” என்று சொல்லிவிட்டு இருக்கைக்குப் போய்விட்டார்.  பிறகு என்றால் எப்போது? குழுக்காரர் நேரம் போகிறது, கிளாஸைக் கொண்டு வா என்று கையைக் காட்டினார்.

அக்கா மேடைக்கு வந்தாள். பிள்ளையை மதினியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். குடத்தின் துணியை அவிழ்த்து, மூன்று கிளாஸிலும் ஊற்றினாள். கண்ணுக்குத் தெளிந்த தண்ணீர். போட்டோக்காரர்கள் முன்னால் வந்து குந்திக்கொண்டார்கள். நான் அறிவிக்க வேண்டிய வரி தாளில் இருந்தது, இப்போது நமது விருந்தினர்கள் என்று ஆரம்பிக்கிற வரி. வாயைத் திறந்தேன். வாசிக்காமல் மூடிக்கொண்டேன். பேராசிரியரின் கிளாஸ் மேசையில் அப்படியே இருந்தது, அவர் கை அதன் பக்கம் போகவில்லை. உபவேந்தர் கிளாஸைக் கையில் எடுத்துவிட்டு மற்றவர்களுக்காகக் காத்திருந்தார். துரை எடுத்தார். கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி வாய்க்குக் கொண்டுபோனார்.

அக்கா கையை நீட்டி அவர் கிளாஸின் வாயைப் பொத்தினாள்.

தோட்டத்தில் இருந்தவர்களுக்குத்தான் இது என்னவென்று தெரியும். துரை வரும் பாதையில் ஒதுங்கி நின்று, தலைத்துணியை இறக்கி, அவர் போன பிறகு நடக்கிற பெண் அவள். கீழே மதினியின் ‘ஐயோ’ எனக்குக் கேட்டது.

“குடிக்காதீங்க தொர.”

“ஏம்மா? நல்ல தண்ணிதானே?” துரை இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

“நல்ல தண்ணி இல்லீங்க. இவங்க போத்தல்ல புடிச்சது வேற தண்ணி. விருந்தாளிக வர்றாங்கன்னு நாங்க பவுடரு போட்டுக் கழுவி வச்சது. இது கழுவாதது. நாங்க டெய்லி குடிக்கிறது இதுதான்.”

நான் மைக்கை அவள் பக்கம் நீட்டியிருந்தேன். எப்போது நீட்டினேன் என்று எனக்கே தெரியாது. கூடம் முழுக்கக் கேட்டுவிட்டது. என்ன சொல்கிறாள் என்று உபவேந்தர் சிங்களத்தில் என்னைக் கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் கிளாஸை மேசையில் வைத்து, விரலால் கொஞ்சம் தள்ளி வைத்தார். துரையும் வைத்தார், கைக்குட்டையை எடுத்து உதட்டைத் துடைத்தார், ஒரு சொட்டுக்கூடப் படாத உதட்டை.

அக்கா அதைப் பார்த்தாள்.

“நீங்க தள்ளி வச்சிட்டீங்க. எம்புள்ளைக்கு இன்னைக்கிக் காலையில இதத்தான் குடுத்துட்டு பஸ்ல ஏத்துனேன்.”

 துரையின் முகம் சிவந்தது. “அப்ப நீங்க எல்லாரும் சேந்து ஏமாத்தியிருக்கீங்க” என்றார். தலைவர் கீழே வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார். அவர் பயந்த அதே வார்த்தை, அதே ஆளின் வாயில் இருந்து. இனி எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

பேராசிரியர் எழுந்து வந்து என் கையில் இருந்து மைக்கை வாங்கினார். முதலில் சிங்களத்தில் சொன்னார், பிறகு தமிழில் சொன்னார்.

“இந்தச் சனம் ஒருத்தரையும் ஏமாத்தேல்லை. நாங்கள் நாள் சொல்லிப்போட்டுப் போனம். வீட்டுக்கு ஆக்கள் வருகினம் எண்டா நீங்கள் வீட்டைக் கூட்ட மாட்டியளோ? அவையளும் கூட்டினவை. கூட்டின வீட்டைப் பாத்துப்போட்டு, இது எப்பவும் இப்பிடித்தான் இருக்கும் எண்டு எழுதினது நான். பிழை என்ர. அந்த முடிவை நான் இப்பவே திருப்பி எடுக்கிறன். துரை, உங்களிட்ட ஒண்டு கேக்கிறன். திரும்பவும் வந்து பாப்பம். இந்த முறை ஒருத்தருக்கும் சொல்ல மாட்டம், உங்களுக்கும் சொல்ல மாட்டம். சம்மதமோ?”

அத்தனை பேர் முன்னால் வேறு என்ன சொல்வது? துரை சம்மதம் என்றார். நான் மேடையின் ஓரத்துக்குப் போய்த் திரைக்குப் பின்னால் நின்று அழுதேன், சத்தமாகவே அழுதேன். முந்திய நாள் அந்த மனுஷியின் கதவை அடித்துச் சாத்திய கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

குழாய் வந்தது. திரும்ப எடுத்த மாதிரியின் முடிவு வந்தபிறகு துரையால் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை. காட்டோரத்து ஊற்றில் இருந்து தண்ணீர் இறங்கி, கீழ் லயத்து வாசலிலேயே விழுகிறது. அக்காவின் சின்னவள் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. இதை நான் யாரிடம் சொன்னாலும் அவ்வளவுதானே, நல்லபடியாக முடிந்ததே என்கிறார்கள். ஆமாம், முடிந்தது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது திரும்ப மாதிரி எடுக்கப் போன அந்தக் காலைதான்.

வேலை நாள் ஒன்றில், யாருக்கும் சொல்லாமல் போனோம். பேராசிரியர், நான், வாகனம் ஓட்டியவர். தாங்கியில் பாசி. பீலியடியில் சோற்றுக் கஞ்சி, பிள்ளையின் அழுக்குத் துணி, எச்சில் பாத்திரம். மேல் லயத்துக் கான் நிறைந்து, தாங்கியின் வெடிப்பு வழியாக உள்ளே கசிந்துகொண்டிருந்தது. எங்களுக்கு வேண்டியதும் அதுதான். காய்ச்சல் என்று வேலைக்குப் போகாமல் இருந்த மதினி எட்டிப் பார்த்தாள். எங்களைக் கண்டதும் அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

“ஐயையோ, சொல்லக் கூடாதா புள்ள! இப்புடியா வந்து நிப்பீங்க?”

தும்புத்தடியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். நான் குறுக்கே நின்று தடியைப் பிடித்துக்கொண்டேன்.

“வேணாம் மதினி. அப்புடியே இருக்கட்டும்.”

“ஒரு நிமிசம் விடு, அந்தத் துணியவாவது எடுத்துர்றேன். அந்தம்மா பாக்குறாங்க புள்ள.”

“கூடாது மதினி. தொட்டா மறுபடியும் எல்லாம் கெட்டுப் போகும்.”

மதினி தடியை விட்டுவிட்டாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதாள். 

சத்தம் கேட்டு அக்கா மலையில் இருந்து கூடையோடு இறங்கி வந்தாள். பீலியைப் பார்த்தாள், மதினியைப் பார்த்தாள், என் கையில் இருந்த தும்புத்தடியைப் பார்த்தாள். நாங்கள் உதவி செய்யத்தான் வந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். மேடையில் துரையின் கிளாஸைப் பொத்தியதே இதற்காகத்தான். ஆனாலும் அவளுக்குத் தாங்கவில்லை.

“சுத்தமா வச்சிருந்தா ஒன்னும் தர மாட்டாங்க” என்றாள் என்னிடம். “எங்க அசிங்கத்த வந்து பாத்தாத்தான் தருவாங்களாடி?”

 பேராசிரியருக்கும் அது கேட்டிருக்கும். அவர் பீலியடியில் குந்தி, ஏற்கெனவே மூடிய போத்தலின் மூடியைத் திரும்பத் திரும்ப இறுக்கிக்கொண்டிருந்தார்.